முரசு அடித்தால் முயல் போகும்

கொட்டாவி விடுகிறவர்கள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். பாதியில் தூங்கிவிட்டு, அப்புறம் முயல் என்னவாயிற்று என்று என்னைக் கேட்கக் கூடாது!

ஆலம்பொழில் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டை ஆண்டவன் சேந்தவர்மன். கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் அவனுக்குப் பன்னிரண்டு முயல்களைக் காணிக்கையாகக் கொடுத்தான். பஞ்சு போன்ற வெள்ளை, குன்றிமணி போன்ற சிவப்புக் கண்கள். நம் காட்டு முயல் போல ஓடத் தெரியாது, ஒளியத் தெரியாது. அரசன் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தான். சபையும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தது.

முயல்களை அரண்மனைத் தோட்டத்தில் விட்டார்கள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தோட்டக்காரி சடைச்சிக்கு வந்தது. சடைச்சிக்குப் பிள்ளை இல்லை. காலையில் அறுகம்புல், மதியம் முருங்கைக்கீரை, மாலையில் வாழைத்தோல் என்று மூன்று வேளையும் ஊட்டினாள். முயல்கள் அவள் காலடியிலேயே கிடந்தன.

ஆனால் தோட்டத்துக்குப் பின்னால் காடு இருந்தது. காட்டில் பசி இருந்தது. ஒரு நாள் பருந்து இறங்கி ஒன்றைத் தூக்கிப் போயிற்று. மறுநாள் காட்டுப்பூனை பாய்ந்து ஒன்றைக் கவ்விப் போயிற்று. மிச்சம் பத்து.

அரசன் பதறிப் போனான். "கூப்பிடு தளபதியை!" என்றான்.

தளபதி கொம்பராயன் வந்தான். பாவம், அவனுக்குக் கோட்டையைத் தவிர வேறொன்றும் தெரியாது. தோட்டத்தையும் கோட்டையாக்கினான். சுற்றிலும் ஆள் உயர முள்வேலி போட்டான். வேலியைச் சுற்றி அகழி வெட்டினான். அகழியின் மேல் ஒரே ஒரு பலகை போட்டு, முப்பது வேல்வீரர்களை நிறுத்தினான். பத்து முயல்களுக்கு முப்பது வேல்! இத்தோடு விட்டானா? கோட்டை என்றால் முரசு வேண்டாமா? நாழிகைக்கு ஒரு முறை அரச முரசு முழங்க வேண்டும் என்று கட்டளை போட்டான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரச முரசு முழங்கினால், யாராக இருந்தாலும் அரசன் இருக்கும் திசைக்குத் திரும்பி, நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். முழக்கம் ஓயும்வரை தலை நிமிரக் கூடாது. நிமிர்ந்தவன் ராசத் துரோகி.

முரசு முழங்கியது. டம்! டம்! டம்! முப்பது வீரர்களும் விழுந்து வணங்கினார்கள். சடைச்சியும் வணங்கினாள். எழுந்து எண்ணிப் பார்த்தால், ஒரு முயலைக் காணோம்! மறுநாளும் அப்படியே. முப்பது பேர் காவல், அதன் நடுவில் ஒரு முயல் மாயம்! சடைச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் முரசு முழங்கியபோது அவள் நெற்றி தரையில் இருந்தது. அப்போது மண்ணுக்குள் வேறொரு அதிர்வு கேட்டது. தட்... தட்... தட்... முயல் ஆபத்தைக் கண்டால் பின்னங்காலால் தரையை உதைக்கும். மற்ற முயல்களுக்கு அதுதான் எச்சரிக்கை. ஐயோ, பிள்ளைகள் கூப்பிடுகின்றனவே! முரசுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லையே!

சடைச்சி தலையை நிமிர்த்திவிட்டாள். என்ன கண்டாள்? ஒரு நரி! வேலியைத் தாண்டவும் இல்லை, அகழியை நீந்தவும் இல்லை. கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி போல, கவிழ்ந்து கிடந்த முப்பது முதுகுகளுக்கு நடுவே, பலகை மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. வாயில் ஒரு வெள்ளை முயல்.

அவள் கத்துவதற்குள் நரி காட்டுக்குள் மறைந்துவிட்டது. மிச்சம் ஏழு.

சரி, கண்டதைச் சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? எப்படிச் சொல்வாள்? கண்டேன் என்றால் தலை நிமிர்ந்தேன் என்று ஆகிவிடுமே! திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

கொம்பராயன் அவளை அரசன் முன் இழுத்துப் போனான். "மகாராசா, ஈ நுழைய முடியாத காவல் போட்டிருக்கிறேன். வேலிக்கு உள்ளே இருப்பவள் இவள் ஒருத்திதான். இவள் வீட்டுக் குழம்புச் சட்டியைச் சோதிக்க உத்தரவு கொடுங்கள்" என்றான்.

சடைச்சிக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. ஊட்டி வளர்த்த கையைப் பார்த்து அப்படிச் சொன்னால் யார்தான் தாங்குவார்கள்? "சாமி, மூணே மூணு நாள் கொடுங்க. முரசு வேணாம், வேல் வேணாம், வீரனும் வேணாம். நான் ஒருத்தி காவல் நிக்கிறேன்" என்று அழுதாள்.

அரசன் யோசித்தான். "சரி. மூன்று நாள். இன்னும் ஒரு முயல் குறைந்தாலும் நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது" என்றான்.

முரசு ஓய்ந்தது. தோட்டம் அமைதியானது. சடைச்சி புல்லில் வெறுங்காலோடு நின்றாள்.

முதல் நாள். தட், தட், தட்! அண்ணாந்து பார்த்தாள், பருந்து! துடைப்பத்தைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தாள். பருந்து இறகு இரண்டை உதிர்த்துவிட்டுப் பறந்தது.

இரண்டாம் நாள். தட், தட், தட்! திரும்பிப் பார்த்தாள், வேலி அடியில் காட்டுப்பூனை! குடத்து நீரை அப்படியே அதன் முகத்தில் வீசினாள். பூனை சொட்டச் சொட்ட ஓடியது.

மூன்றாம் நாள் நரி வரவில்லை. அது புதருக்குள் படுத்து முரசுக்காகக் காத்திருந்தது. முரசு அடித்தால்தானே அதற்குச் சாப்பாடு? பொழுதும் சாயத் தொடங்கியது. ஏழு முயல்களும் பத்திரம். சடைச்சி பெருமூச்சு விட்டாள்.

அப்போது பார்த்து, முயல்களை எண்ணிப் பார்க்க அரசனே தோட்டத்துக்கு வந்தான்! பின்னாலேயே மந்திரிகள், வீரர்கள், கொம்பராயன். அரசன் வந்தால் முரசு அடிக்காமல் கொம்பராயனுக்குக் கை சும்மா இருக்குமா? கண்ணைக் காட்டினான். டம்! டம்! டம்!

தோட்டமெங்கும் பரவி நின்ற மந்திரிகள் விழுந்தார்கள். வீரர்கள் விழுந்தார்கள். கொம்பராயனும் விழுந்தான். புதருக்குள் நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு எழுந்தது.

சடைச்சியின் முழங்கால் தானாக மடிந்தது. பிறந்த நாள் முதல் மடிந்து பழகிய முழங்கால் அல்லவா? அந்த நேரம், அவள் உள்ளங்காலுக்கு அடியில் மண் அதிர்ந்தது. தட்... தட்...

எதிரே அரசன் நிற்கிறான். முதுகுப் பக்கம் முயல் கூப்பிடுகிறது. குனிந்தால் முயல் போகும். திரும்பினால் தலை போகும். மூச்சு விடும் நேரம்தான் யோசித்தாள். "தலை போனாப் போவுது!" என்று அரசனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள்!

மந்திரியைத் தாண்டினாள். வீரனைத் தாண்டினாள். கொம்பராயனின் முதுகையே தாண்டினாள். நரி ஒரு முயலின் பிடரியைக் கவ்விக்கொண்டு பலகையில் கால் வைத்தது. புல் கூடையைத் தூக்கி ஒரே போடு! கூடை நரியின் தலையில் கவிழ்ந்து மாட்டிக்கொண்டது. கண் தெரியாமல் தடுமாறிய நரி வாயைத் திறந்தது, முயலை விட்டது, தொபுக்கடீர் என்று அகழியில் விழுந்தது. கூடையோடு நீந்தி, கூடையோடு கரையேறி, கூடையோடே காட்டைப் பார்க்க ஓடியது.

முயல் சடைச்சியின் மடியில் கிடந்து நடுங்கியது. உயிர் இருந்தது.

முரசு ஓய்ந்தது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவர்கள் கண்டது என்ன? அரசனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு தோட்டக்காரி!

"துரோகம்! அரச முரசை அவமதித்தாளே!" என்று கொம்பராயன் வாளை உருவினான்.

"வாளை உள்ளே போடு" என்றான் அரசன். "என் முரசுக்கு எல்லாரும் குனிவீர்கள். நான் ஒருவன்தான் குனிய வேண்டியதில்லை. அதனால் நான் ஒருவன்தான் பார்த்தேன். நரி உன் தலைமாட்டில்தான் நடந்து போயிற்று, கொம்பராயா. நீ மிக அழகாக வணங்கிக்கொண்டிருந்தாய்."

கொம்பராயன் வாளை உறையில் போட்டான்.

அரசன் சடைச்சியின் அருகில் வந்தான். "அம்மா, உன்னைச் சந்தேகப்பட்டேன். என்னை மன்னித்துவிடு" என்றான். முயலைத் தடவிக்கொடுக்கக் குனிந்தவன், அவள் முன் தன் தலை தாழ்ந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. அன்றோடு காவல் நிற்பவர்கள் எந்த முரசுக்கும் வணங்க வேண்டியதில்லை என்று ஆணை பிறந்தது. கொம்பராயனுக்கும் புது வேலை கிடைத்தது. சடைச்சி சொல்லும் இடத்தில் அறுகம்புல் அறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கேட்டவர்களே, காவலுக்கு நிற்பவர் கண் காக்க வேண்டிய உயிரின் மேல் இருக்க வேண்டுமே தவிர, எசமானின் முகத்தின் மேல் இருக்கக் கூடாது.