லாட ஆணியில் படிந்த செம்பு

மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்துக்கு நோய்ப்பட்ட மாடுகளை ஓட்டி வருவார்கள். குளம்புப் புண் கழுவ, மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர் ஒரு பீங்கான் ஜாடியில் எப்போதும் இருக்கும். வந்த நாளிலிருந்து அதைக் கரைத்தவள் வடிவு. போன மாதம் ஆசிரமத் தலைவியான அம்மையார் அந்த வேலையைப் புதிதாக வந்த தவமணியிடம் கொடுத்துவிட்டார்.

"அவ கை நிதானமான கை" என்று வேறு சொன்னார். வடிவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இன்று காலை ஜாடியைத் திறந்தால் நீலத்தைக் காணோம். வெளிறிய பச்சைத் தண்ணீர்தான் இருந்தது.

மருந்தைக் கெடுத்தவர் ஆசிரமத்தில் இருக்கக்கூடாது என்பது அங்கே விதி. தவமணி மூலையில் அழுதபடி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மையார் ஜாடிக்குள் கையை விட்டார். ஒரு பிடி லாட ஆணி வந்தது. ஆணிகளின் மேல் செந்நிறமாக ஏதோ படிந்திருந்தது.

"இது என்ன, வடிவு?"

"செம்பும்மா."

"எங்கிருந்து வந்துச்சு?"

"துத்தத்துல இருந்தது. கந்தகப் புளிப்போட, அதான் அமிலத்தோட, கைகோத்துக்கிட்டு இருந்துச்சு. இரும்பு வந்ததும் புளிப்பு செம்பை விட்டுட்டு இரும்பைப் பிடிச்சுக்கிச்சு."

"அப்ப செம்பு செத்துப்போச்சா?"

"அணு எங்கேம்மா சாகும்? ஜாடியை விட்டு ஒண்ணுகூட வெளியே போகலை. ஜோடிதான் மாறியிருக்கு." வடிவின் குரல் உயர்ந்தது. "நேத்து வந்த இரும்பு! அதுக்காக இத்தனை நாள் கூட இருந்ததை உதறிடறதா? இது நியாயமாம்மா?"

மூலையில் பாய் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆணியைப் போட்டது நான்தான்" என்றாள் வடிவு.

பாய்ச் சத்தம் நின்றது.

"தெரியும். தவமணிக்கு லாட ஆணி எங்கே இருக்குன்னே தெரியாது. மாட்டைக் கண்டாலே ஓடுறவ."

"அப்ப போக வேண்டியது நான். போயிட்டா உங்களுக்கு நிம்மதிதானே?"

அம்மையார் ஓர் ஆணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உதறிவிட்ட செம்பு எங்கே போய் உட்கார்ந்திருக்கு, பாரு."

வடிவு பார்த்தாள். "இரும்பு மேலேயே."

"இத்தனை பெரிய ஜாடியில வேற இடமே கிடைக்கலை அதுக்கு."

வடிவு மூலையில் இருந்த தவமணியைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"இதை மறுபடி துத்தமாக்க முடியுமாம்மா?"

அம்மையார் ஆணியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"செம்பு செம்பாத்தான் இருக்கு. ஆக்கலாம். முதல்ல அதை ஆணியை விட்டு இறங்கச் சொல்லு."