கொம்பி அழித்த காலடி

கூகைமலையின் அடிவாரத்தில் ஆனைக்குட்டை என்று ஒரு குட்டை இருந்தது. அந்தக் கோடையில் அது அடியோடு வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விலங்குகள் வந்து காய்ந்த சேற்றை முகர்ந்து பார்த்துவிட்டு வறண்ட நாக்கோடு திரும்பிப் போயின.

"மலை உச்சியில ஒரு சுனை இருக்கு. எந்தக் கோடைக்கும் அது வத்தாது" என்றது கொம்பி.

கொம்பி ஒரு வரையாடு. உச்சியிலேயே பிறந்து வளர்ந்தது. போன மழைக்காலத்தில் மண் சரிந்தபோது சரிவோடு சரிவாகக் கீழே வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் முள்ளம்பன்றி சலங்கை, கீரி நோட்டன், முயல் பஞ்சு ஆகிய மூன்றும் அதற்கு நண்பர்களாகிவிட்டன.

"முதல்ல நாம நாலு பேரும் ஏறிப் பார்ப்போம். தண்ணி இருந்தா திரும்பி வந்து எல்லாரையும் கூட்டிட்டுப் போவோம்" என்றது கொம்பி.

"பஞ்சு எதுக்கு? சருகு உதிர்ந்தாலே குதிச்சு ஓடுற ஆளாச்சே!" என்றது நோட்டன்.

"நான் வந்தே ஆகணும்! தும்பைக்குப் பால் வத்திப்போச்சு. குட்டிங்க கண்ணைக்கூடத் திறக்கச் சோம்பல்படுதுங்க" என்றது பஞ்சு. தும்பை அதன் மனைவி.

மறுநாள் விடிந்ததும் நான்கும் புறப்பட்டன. யார் எங்கே நடக்க வேண்டும் என்பதைக் கொம்பிதான் சொன்னது. அது முன்னால் போகும். சலங்கை கடைசியில் வரும். பஞ்சுவும் நோட்டனும் நடுவில்.

"ஏன் அப்படி?" என்று கேட்டது நோட்டன்.

"வழி குறுகல். அப்படிப் போனாத்தான் நல்லது" என்றது கொம்பி. 

நோட்டனுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. எதையும் ஒருமுறைக்கு மூன்று முறை முகர்ந்து பார்க்கிற குணம் அதற்கு. ஆனாலும் சேர்ந்து நடந்தது.

மூங்கில் காட்டைத் தாண்டியதும் ஏற்றம் செங்குத்தானது. ஒரு வளைவில் கொம்பி நின்றது.

"இங்கேயே இருங்க. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பாறையைச் சுற்றிக்கொண்டு மறைந்தது.

நோட்டனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சத்தமில்லாமல் பாறைமேல் ஏறி எட்டிப் பார்த்தது. பார்த்ததும் அதன் முதுகு மயிர் குத்திட்டு நின்றது. கீழே பொடி மண்ணில் ஒரு காலடி பதிந்திருந்தது. பெரிய காலடி. சிறுத்தையின் காலடி!

கொம்பி அதைக் குனிந்து பார்த்தது. சுற்றும் முற்றும் பார்த்தது. பிறகு குளம்பால் மண்ணைத் தள்ளி, அந்தக் காலடியைத் தடமே தெரியாமல் அழித்துவிட்டது!

நோட்டன் சட்டென்று இறங்கி, ஒன்றும் தெரியாததுபோல் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கொம்பி சிரித்த முகத்தோடு திரும்பி வந்தது.

"வழி நல்லாத்தான் இருக்கு. வாங்க!"

"அங்கே ஏதாவது இருந்துதா?" என்று மெல்லக் கேட்டது நோட்டன்.

"என்ன இருக்கும்? பாறைதான்."

'பொய்!' என்று நோட்டனுக்குள் ஒரு குரல் கத்தியது. 'நான் பார்த்தேனே!' என்று வாய் வரை வந்த சொல்லை அது விழுங்கிக்கொண்டது. தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று அதற்குத் தோன்றியது.

அதன்பிறகு நோட்டன் மலையைப் பார்க்கவில்லை, கொம்பியைத்தான் பார்த்தது. கொம்பி காதைத் திருப்பினால் ஏன் என்று யோசித்தது. கொம்பி நின்றால் யாருக்காக என்று யோசித்தது. ஓரிடத்தில் இளைப்பாறியபோது கொம்பி பின்னால் போய்ச் சலங்கையின் காதில் ஏதோ முணுமுணுத்தது. நோட்டன் காதைத் தீட்டியது. காற்றில் இரண்டு துண்டுகள்தான் கிடைத்தன.

"...கிட்டத்தான் இருக்கு... பஞ்சுகிட்ட மூச்சு விடாதே..."

சலங்கை தலையாட்டியது.

நோட்டனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படித்தான் அது நினைத்தது. 'சலங்கையும் கூட்டா! முயலை நடுவில் வைத்தது இதற்குத்தான்! சிறுத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்!'

"காலில முள் குத்திடுச்சு" என்று நொண்டிக்கொண்டே அது ஒரு புதர் ஓரம் உட்கார்ந்தது. "பஞ்சு, நீ வந்து எடுத்துவிடு!"

பஞ்சு குனிந்தது. நோட்டன் அதன் நீளக் காதுக்குள் எல்லாவற்றையும் ஊற்றியது. காலடி, அழித்த குளம்பு, முணுமுணுப்பு, எல்லாம்.

பஞ்சுவின் மூக்கு நடுங்கியது. "கொம்பிக்காவா? அவங்க அப்படிச் செய்யவே மாட்டாங்க! தும்பைக்கு முடியாமப் போனப்ப எங்கிருந்தோ இளந்தழை கொண்டுவந்து கொடுத்தவங்களாச்சே!"

"அதேதான்! எதுக்குக் கொடுத்தாங்கன்னு யோசி" என்றது நோட்டன்.

பஞ்சு யோசித்தது. யோசிக்க யோசிக்க அந்த இளந்தழைகூடக் கசந்தது.

இந்தப் பேச்சை இன்னொரு காதும் கேட்டுக்கொண்டிருந்தது.

புதருக்கு மேலே, பாறை மடிப்பில் சிறுத்தை படுத்திருந்தது. மூங்கில் காட்டிலிருந்தே அது முன்னும் பின்னுமாக அவர்களைத் தொடர்ந்து வந்தது. பாயத்தான் முடியவில்லை. முன்னால் கூரிய கொம்பு. பின்னால் சலங்கையின் முள். முன்பொரு தடவை ஒரு முள்ளம்பன்றியைத் தொடப்போய், தாடையில் ஏறிய முள்ளோடு வெகுகாலம் பட்டினி கிடந்தது அது. 'இவர்கள் ஒட்டிக்கொண்டு போகும்வரை எனக்கு ஒன்றும் கிடைக்காது' என்று சலித்துக்கொண்டிருந்தது. கீரி சொன்னதைக் கேட்டதும் அதன் வால் நுனி ஆடியது.

'அடடா! என் வேலையில் பாதியைக் கீரியே முடித்துவிட்டதே! மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

நண்பர்கள் குறுகலான ஒரு பாறை விளிம்புக்கு வந்தார்கள். ஒரு பக்கம் சுவர்போல மலை. மறுபக்கம் பள்ளம். அந்த நேரம் பார்த்து மஞ்சு என்னும் மலை மூடுபனி இறங்கியது. முன்னால் போகிறவரின் வால்கூடத் தெரியவில்லை.

"ஒருத்தரை ஒருத்தர் உரசிக்கிட்டே வாங்க!" என்றது கொம்பி.

அப்போது மஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இனிப்பான குரல்.

"கொம்பி! சொன்னபடியே கூட்டிட்டு வந்துட்டியே! முயலை மட்டும் அங்கேயே விட்டுட்டு நீங்க போகலாம்!"

கொம்பி திடுக்கிட்டுத் திரும்பியது. "பொய்! பஞ்சு, அது சிறுத்தை! நகராதே! என் வயித்துக்குக் கீழே வா!"

"கேட்டியா? நான் சொன்னேன்ல!" என்று கூவியது நோட்டன். "ஓடு பஞ்சு! ஓடு!"

பஞ்சு ஒரு கணம் கொம்பியைப் பார்த்தது. ஒரு கணம் நோட்டனைப் பார்த்தது. பிறகு குதித்தது. சலங்கையின் முட்களைத் தாண்டி, வந்த வழியே மஞ்சுக்குள் ஓடியது.

"போகாதே!" என்று சலங்கை கத்தியது. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

கீழேயிருந்து ஒரு சின்னக் கீச்சொலி. அவ்வளவுதான்.

சலங்கை போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. புல்மேல் கொஞ்சம் மயிர் ஒட்டியிருந்தது.

சலங்கை தளர்ந்து திரும்பி வந்தது. நோட்டன் பல்லைக் காட்டிக்கொண்டு கொம்பியின் எதிரே நின்றது.

"இப்ப திருப்தியா? போ! உன் கூட்டாளிகிட்டப் போய்ச் சேர்ந்துக்கோ!"

"கூட்டாளியா?" என்றது கொம்பி. அதற்கு ஒன்றும் புரியவில்லை.

"காலடியைக் குளம்பால அழிச்சியே! நான் பார்த்தேன்! 'பஞ்சுகிட்ட மூச்சு விடாதே'ன்னு சொன்னியே! நான் கேட்டேன்!"

சலங்கை அழுதுகொண்டே சொன்னது. "அட, அறிவு கெட்டவனே! சிறுத்தை பின்னால வருதுன்னு தெரிஞ்சா பஞ்சு பயந்து ஓடிடுவான்னுதான் மறைச்சோம். ஓடினா என் முள்ளுக்கு வெளியே போயிடுவான்னுதான் மறைச்சோம். முன்னால கொம்பு, பின்னால முள்ளு. நடுவுல இருக்கிற வரைக்கும் அவனை யாராலயும் தொட முடியாதுடா!"

நோட்டன் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!" என்றது நோட்டன்.

"பார்த்ததை நேரா என்கிட்டக் கேட்டிருக்கலாமே!" என்றது கொம்பி.

 மஞ்சு விலகிப் போயிற்று. மேலே உச்சி பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று அவர்கள் நினைக்கவேயில்லை.

சுனையில் தண்ணீர் விளிம்பு தட்டிக் கிடந்தது. சுற்றிலும் பச்சைப் புல். சலங்கை குடித்தது. கொம்பி குடித்தது. நோட்டன் வாயை வைத்தது. ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.

அடிவாரத்தில் தும்பை வளை வாசலில் காத்திருந்தது. மூவரை மட்டும் பார்த்ததும் அதற்குத் தெரிந்துவிட்டது.

நோட்டன்தான் முன்னால் போய் நின்றது. "கொம்பிக்கா அப்படிச் செய்யவே மாட்டாங்கன்னு அவன் சொன்னான். நான்தான் நம்ப விடலை. 'ஓடு'ன்னு கத்தினதும் நான்தான்" என்றது. எதையும் விடாமல் சொல்லி முடித்தது.

"நான் மறைச்சேன் தும்பை. அதுவும் ஒரு காரணம்தான்" என்றது கொம்பி.

தும்பை முகத்தைத் திருப்பிக்கொண்டது.  பிறகு கேட்டது.

"மேலே தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப முதல்ல என் குட்டிங்களைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை எதையும் மறைக்கக் கூடாது. குட்டிங்க கிட்டயும்தான்."

இரவு கழிந்து வெளிச்சம் வந்ததும் நண்பர்கள் மூவரும், தும்பையும் குட்டிகளும் கூடினார்கள். கொம்பி குட்டிகளின் எதிரே படுத்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது. "வழியில ஒரு சிறுத்தை இருக்கு. நம்ம பின்னாலயே வரும். பயமாத்தான் இருக்கும். எனக்கும் பயம்தான். ஆனா சலங்கை அத்தையோட முள்ளுக்கும் என் கொம்புக்கும் நடுவுல இருக்கிற வரைக்கும் அது கிட்ட வராது. மஞ்சு இறங்கினா அது என் பேரைச் சொல்லிக் கூப்பிடும். என்னைக் கெட்டவள்னு சொல்லும்."

குட்டிகள் நடுங்கின. ஆனால் ஒன்றுகூட ஓடவில்லை. "அதுக்குப் பல்லு பெருசா அத்தை?" என்று கேட்டது கடைக்குட்டி.

"பெருசுதான்" என்றது கொம்பி.

"அப்ப நான் உங்க காலை ஒட்டியே வரேன்."

அதே பாறை விளிம்பில் அதே மஞ்சு இறங்கியது. அதே இனிப்பான குரலும் வந்தது.

"கொம்பி! குட்டிங்களையும் கொண்டுவந்துட்டியா? ரொம்ப சந்தோஷம்!"

 நோட்டன் வாயைத் திறப்பதற்குள் கடைக்குட்டி கேட்டது. "அத்தை, இதுதானே நீங்க சொன்ன சிறுத்தை?"

"இதுதான் கண்ணு."

"நீங்க சொன்ன மாதிரியே பேசுதே!" என்று சொல்லிக் குட்டி இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டது. மற்றக் குட்டிகளும் நெருங்கின. தும்பை நெருங்கியது. நோட்டனும் நெருங்கியது. சலங்கை முட்களைச் சிலிர்த்தது. அந்தச் சத்தம் மலையெங்கும் சலசலத்தது.

சிறுத்தை இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தது. ஒரு காலடிகூடப் பிரிந்து வரவில்லை. பசித்த வயிற்றோடு அது இறங்கிப் போனது.

குட்டிகள் சுனைக் கரையில் வரிசையாகக் குனிந்து, மூக்கு நனையக் குடித்தன. தும்பை கடைசியில் குடித்தது. குடித்து நிமிர்ந்ததும், சற்றுத் தள்ளித் தனியாக நின்ற நோட்டனைப் பார்த்தது.  தண்ணீரை விட்டு நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தது.

நண்பர்களிடம் ஆபத்தை மறைக்கவும் கூடாது, அவர்கள்மேல் வரும் சந்தேகத்தை அவர்களிடமே கேட்காமல் மனதில் வளர்க்கவும் கூடாது. இரண்டும் எதிரிக்கு நாமே வழிவிடுவதாகும்.