சாமி உட்கார்ந்த இடம்

ஏரி நடுவே ஒரு திட்டு. திட்டில் ஒரு மடம். மடத்துச் சாமியார் பருத்த உடம்புக்காரர். இந்தக் கரையில் அவர் முங்கினால் எதிர்க்கரையில் காயும் வேட்டிகள் நனைந்துவிடும் என்பார்கள். நானே ஒருமுறை பிழிந்து உடுத்தியிருக்கிறேன்.

மனைவியோடு மடத்திலேயே குடியிருந்த சீடன் பொய்யாமொழி, வெல்டிங் தெரிந்தவன். மடத்துக்கென்று மோட்டார் வைத்த ஓர் அலுமினியப் படகு செய்தான். அடிப்பாகம் தட்டை, நல்ல அகலம். ரெண்டு ஆள் தலைக்கு மேல் தூக்கலாம், அவ்வளவு லேசு. எல்லாம் சரி, குரு மற்றவர்களுக்குச் சமமாக உட்காரலாமா? நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு பீடம் வைத்து போல்ட் போட்டு முடுக்கினான்.

வெள்ளோட்டத்தன்று சாமியார் பீடத்தில் ஏறினார். படகு வலப்பக்கம் சாய்ந்து ஒரு தாமரையை முகர்ந்தது. பிறகு இடப்பக்கம் சாய்ந்து இன்னொன்றை முகர்ந்தது. உள்ளே துள்ளி விழுந்த கெண்டை ஒன்று நிலைமையைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

இறங்கிக் கரையில் கால் வைக்கிறார்கள், பொய்யாமொழியின் மனைவி செங்கமலத்துக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி அக்கரையில். வேறு படகு கிடையாது.

"அந்த ஊஞ்சல்ல நான் ஏறமாட்டேன்," என்றாள் செங்கமலம். "சாமியும் வந்தா வர்றேன். முங்கினாப் பிடிச்சுக்கப் பெரிசா ஒண்ணு வேணும்."

பொய்யாமொழி சாமியாரிடம் ஓடினான்.

"சாமி, ஆட்டத்தை எப்படி நிறுத்துறது? பீடத்துக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை கட்டட்டுமா?"

"ஸ்பானர் இருக்கா?"

கொடுத்தான். சாமியார் போல்ட்டுகளைக் கழற்றினார். பீடத்தைத் தூக்கிக் கரையில் வைத்தார். படகின் அடித்தகட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். எதிரே, அதே தகட்டில், செங்கமலம் உட்கார்ந்தாள்.

சீடன் மட்டும் கரையிலேயே நின்றான். மோட்டார் பிடிக்கிறவன் பின்பலகையில் உட்கார வேண்டும். அது குரு உட்கார்ந்த இடத்தைவிட உயரம்.

"சாமிக்கு மேலே நான் எப்படி..."

"ஏங்க, உக்காருங்க," என்றாள் செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு. "இல்லேன்னா மோட்டாரை நான் பிடிக்கிறேன், பிள்ளையை நீங்க பெத்துக்குங்க."

உட்கார்ந்தான்.

நடு ஏரியில் காற்று பிடித்தது. அலை பக்கவாட்டில் அறைந்தது. படகு சாய்ந்தது, சாய்ந்த வேகத்திலேயே நிமிர்ந்தது. இன்னொரு அலை. மறுபடி சாய்ந்தது, நிமிர்ந்தது. சாமியார் கொட்டாவி விட்டார்.

அக்கரை சேர்ந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஓர் அழுகை கேட்டது. அந்தச் சத்தத்தில் வாசல் வேம்பின் காக்கைகள் பக்கத்து ஊருக்கே குடிபெயர்ந்தன. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பொம்பளப் புள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பொய்யாமொழி நெடுஞ்சாண்கிடையாகச் சாமியார் காலில் விழுந்தான்.

"படகைக் கவிழாமக் காத்தது உங்க அருள்தான், சாமி."

சாமியார் அவனைத் தூக்கி நிறுத்தினார்.

"பீடத்துல உக்காந்திருந்தப்பவும் அதே அருள்தானப்பா கூட இருந்துச்சு."