நடுக்கூடத்துச் செண்டுப்பூ

கோணம்பாடிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்வது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. சொல்கிறவர்களில் ஒருவராவது நடந்ததை முழுசாகக் கேட்டிருப்பாரா என்றால், கிடையாது. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். காத்தவராயன் குடும்பம் செய்ததில், காகிதத்தில் எழுதியிருந்ததை மீறிய காரியம் ஒன்றே ஒன்று இருந்தால் காட்டுங்கள். நான் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வீட்டில் முடிவெடுக்கிறவர்கள் மூன்று பேர்: காத்தவராயன், அவர் மனைவி பேச்சியம்மாள், தம்பி சுடலை. இந்த மாதிரிக் கதை என்றாலே ஆம்பளைகள் மட்டும் முட்டாள், வீட்டுக்காரி புத்திசாலி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. யார் கொடுத்த அதிகாரம் அது? கோணம்பாடியில் அந்தப் பாகுபாடு கிடையாது. பேச்சியம்மாளுக்கு மூன்றில் ஒரு பங்கு முழுசாக உண்டு.

பிள்ளைகள் இரண்டு. தன்ஷிகா யு.கே.ஜி. லோகித்துக்கு மூன்று வயது, மண் தின்பான்.

ஒரு நாள் பள்ளியில் தன்ஷிகாவிடம் ஒரு செண்டுப்பூ விதையையும் ஒரு காகிதத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் பூ விழா. தாங்களே நட்டு வளர்த்த பூவோடு வருகிற பிள்ளைகள் மஞ்சள் கவுன் போட்டு முன்வரிசையில் ஆடலாம். மற்றவர்கள் பின்னால் இலையாக நிற்க வேண்டும்.

"நான் இலையா நிக்க மாட்டேன்" என்றாள் தன்ஷிகா. "போன வருஷம் என்னையக் கல்லா உக்கார வச்சாங்க."

"நல்லாத்தானடி உக்காந்திருந்தே?" என்றாள் பேச்சியம்மாள். "அசையவே இல்லையே. ஒரு பெரியவர் உம்மேல பையக்கூட வச்சாரு."

"அதான் சொல்றேன்!" என்று தன்ஷிகா அழ ஆரம்பித்தாள். மூன்று பேரும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். பூ பூக்கும். அவள் முன்வரிசையில் ஆடுவாள்.

சுடலை காகிதத்தைப் படித்தார். முதல் வரி: 'செடியை வீட்டில் நட வேண்டும்.'

"வாசல்ல நட்டா என்ன?" என்றார் காத்தவராயன்.

"மழை பெஞ்சா நாம என்னண்ணே சொல்றோம்? 'வாசல்ல நிக்காத, வீட்டுக்குள்ள வா'ன்னுதானே? அப்ப வாசல் வீடு இல்ல."

இதற்குப் பதில் சொல்ல முடியுமா? என்னாலும் முடியவில்லை. கடப்பாரையை எடுத்து வந்து, கூடத்தின் நடுவில் சிமெண்டுத் தரையை உடைத்தார்கள். தன்ஷிகா தன் கையால் விதையைப் போட்டு மூடினாள். லோகித் ஒரு பிடி மண் தின்றான்.

இரண்டாவது வரி: 'நன்றாக வெயில் பட வேண்டும்.' மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஓடு இருந்தது. சுடலை ஏறி நாலு ஓட்டைப் பிரித்தார். வெயில் வந்தது. அரைமணி நேரத்தில் அது ஒரு முழம் நகர்ந்துவிட்டது. இன்னும் நாலு ஓட்டைப் பிரித்தார். இப்படி வெயிலுக்குப் பின்னாலேயே போய், சாயங்காலத்துக்குள் கூரை முழுக்க இறங்கிவிட்டது.

வெயிலில் சமைக்க முடியாதே. அடுப்பு, பாய், பீரோ எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து, மேலே தார்ப்பாய் கட்டிக் குடியேறினார்கள்.

பக்கத்து வீட்டு மரியசெல்வம் வேலி வழியாகப் பார்த்தார். "ஏய்யா, செடிய வாசல்ல வச்சுட்டு நீங்க வீட்டுக்குள்ள இருக்கலாமேய்யா?"

மூவரும் சிரித்தார்கள். சுடலைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "படிச்ச மனுசன்" என்றார் காத்தவராயன், இரக்கத்தோடு.

மூன்றாவது வரி: 'விதை முளைத்துவிட்டதா என்று குழந்தைகள் தோண்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளவும்.' இதில் அவர்கள் மிகக் கவனமாக இருந்தார்கள். மணிக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் போய், குழந்தைகள் தோண்டியிருக்கிறார்களா என்று தோண்டிப் பார்த்தார்கள். விதை இருந்த இடத்திலேயே இருந்தது. திருப்தியாக மூடிவிட்டு வந்தார்கள்.

பத்து நாளாயிற்று. முளைக்கவில்லை.

"நீங்கதான் தோண்டுறீங்க!" என்று கத்தினாள் தன்ஷிகா.

"நாங்க குழந்தையாம்மா?" என்று கேட்டார் சுடலை. "காயிதத்துல பெரியவங்களப் பத்தி ஒண்ணும் போடலையே."

தன்ஷிகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "சித்தப்பா, நீங்க சட்ட மாத்தும்போது எல்லாரும் வந்து பாத்தா என்ன செய்வீங்க?"

"வெளியவே வர மாட்டேன்."

"விதையும் அப்படித்தான். அதுக்கு வெக்கமா இருக்கு."

இந்த நியாயம் தங்களுக்குத் தோன்றவில்லையே என்று பேச்சியம்மாள் வருத்தப்பட்டாள். அன்றிலிருந்து கூடத்துக்குள் போகிற பெரியவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒரே வாரத்தில் விதை முளைத்தது.

பிறகு மழை பிடித்தது. 'தினமும் குழந்தையே தண்ணீர் ஊற்ற வேண்டும்' என்பது நான்காவது வரி.

"மழை ஊத்துதே மதினி" என்றார் சுடலை.

"மழை குழந்தையா?" என்றாள் பேச்சியம்மாள்.

உடனே மூன்று குடைகளைச் செடிக்கு மேல் பிடித்தார்கள். சொட்டுத் தண்ணீர் படவில்லை. மூவரும் தொப்பலாக நனைந்துகொண்டு நிற்க, தன்ஷிகா குடைக்குக் கீழே புகுந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். மழை நாலு நாள் பெய்தது. நாலு நாளும் நின்றார்கள். மூவருக்கும் காய்ச்சல். செடிக்கு ஒன்றும் இல்லை.

செடி வளர்ந்தது. மொட்டு விட்டது. விழா அன்று காலை, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு பூ பூத்து நின்றது. தன்ஷிகா விடியும்போதே மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

சுடலை கடைசி வரியைப் படித்தார்: 'பெரியவர்கள் பூவில் கை வைக்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்குள் பூ பள்ளியில் இருக்க வேண்டும்.'

மூவரும் செடியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கை வைக்கக் கூடாதுன்னா, கால் வைக்கலாமா?" என்றார் காத்தவராயன்.

"பூவுல காலா! சாமி குத்தமாயிரும்" என்றாள் பேச்சியம்மாள்.

"பள்ளிக்கூடத்த இங்க வரச் சொன்னா?" என்றார் சுடலை.

"எந்த வழியா வரும்? நம்ம சந்துல மாட்டுவண்டியே திரும்பாது" என்றார் காத்தவராயன்.

சந்தின் அகலம் எத்தனை அடி என்பதில் பேச்சு முற்றியது. எட்டு என்றார் ஒருவர். ஏழரை என்றார் இன்னொருவர். மூவரும் எழுந்து போய்ச் சந்தை அளந்தார்கள்.

"அப்பா, மணியாச்சு" என்றாள் தன்ஷிகா. யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். தெருமுனையில் பள்ளி ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் கூடத்துக்குள் போய்ப் பூவைப் பறித்தாள், தலையில் செருகினாள், ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினாள்.

சந்து எட்டடிக்கு இரண்டு விரல் குறைவு என்று முடிவாகி மூவரும் திரும்பி வந்தார்கள். செடி இருந்தது. பூ இல்லை.

"யாராச்சும் கை வச்சீங்களா?" என்றார் காத்தவராயன்.

மூவரும் ஆறு கைகளையும் நீட்டிக் காட்டினார்கள். சுத்தமாக இருந்தன.

"அப்ப அதுவே கெளம்பிருச்சு" என்றார் சுடலை. "ஒம்பது மணிக்குள்ள இருக்கணும்ல. நாம பேசிட்டே இருந்தோம், அது பாத்துச்சு, போயிருச்சு."

"தனியாவா?" பேச்சியம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "மெயின் ரோட்ட எப்படித் தாண்டும்?"

லோகித்தைத் தூக்கிக்கொண்டு மூவரும் ஓடினார்கள். மெயின் ரோட்டில் சுடலை குறுக்கே நின்று இரண்டு லாரிகளை நிறுத்தினார். குனிந்து எல்லா டயரையும் பார்த்தார். மஞ்சளாக எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மூச்சு வந்தது.

பள்ளிக்குள் நுழைந்தபோது மேடையில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையின் நடுவில் தன்ஷிகா ஆடிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் பூ.

"பத்திரமா வந்து சேந்திருச்சு" என்றார் காத்தவராயன். "இத்தனை புள்ளைங்க இருந்தும் நம்ம புள்ளயத் தேடிப் போயி உக்காந்திருக்கு பாரு."

"அழக்கூட இல்லீங்க" என்றாள் பேச்சியம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. "இவ பள்ளிக்கூடம் வந்த முதல் நாள் என்னா கத்து கத்துனா!"

விழா முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் மூவரும் போகவில்லை. டீச்சருக்காகக் காத்து நின்றார்கள். அவர் வந்ததும் காத்தவராயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார்.

"டீச்சர், வீட்டுல இன்னும் மூணு மொட்டு இருக்கு. இன்னும் கண்ணே தெறக்கல. அதுங்கள இப்பவே அனுப்பணுமா, இல்ல ஜூன் மாசம் சேத்துக்குவீங்களா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் முன்னால் வந்தாள்.

"எப்பச் சேத்தாலும் மூணையும் ஒரே பெஞ்சுல உக்கார வைங்க டீச்சர். ஒரே செடியில பொறந்ததுங்க. பிரிஞ்சு இருந்து பழக்கமில்ல."