மன்னர் கொடுத்த மூன்று வயல்கள்

செம்மடை நாட்டு மன்னர் கோமாறனுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது கைவந்த கலை. எப்படி மாட்டினார் என்று கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. பெரிய ஏரியிலிருந்து ஊருக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். கடைமடை ஊரின் முறை வந்த அன்று தண்ணீர் வரவில்லை. அரசியின் தம்பி பூவண்ணனின் கரும்புத் தோட்டமோ ததும்பி வழிந்தது. ஊரார் கருகிய பயிரோடு அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மன்னர் மீசையை நீவினார். "பக்கத்து நாட்டு நீர்கட்டிகள் மூவர் விசாரிப்பார்கள். தீர்ப்பு வரும்வரை அவர்களை நீக்க எனக்கே அதிகாரம் இல்லை. தவறு என்னுடையது என்றால் இந்த மணிமுடியை இறக்கி வைக்கிறேன், போதுமா?"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

நீர்கட்டி என்பவர் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர். ஏரிச் சபையில் தீர்ப்புச் சொல்வது நீர்கட்டி. வழக்குச் சொல்வது நிலக்காரர். அந்த ஏரியின் கீழ் ஒரு பிடி நிலம் இருந்தாலும் நீர்கட்டியின் இருக்கையில் உட்காரக் கூடாது.

வேம்பன், இடும்பன், செல்லாயி என்ற மூவர் வந்தார்கள். வாய்க்கால் வாய்க்காலாக நடந்தார்கள். நான்காம் நாள் மடைக்காவலர் உண்மையைக் கக்கினார்: "பூவண்ணனின் ஆட்கள் மன்னரின் மோதிரத்தைக் காட்டினார்கள். தண்ணீரைத் திருப்பிவிட்டேன்."

மன்னருக்கு வியர்த்தது. "அத்தான், ஒரே ஒரு பகல்! கரும்பு நாக்கைத் தொங்கப் போட்டுவிட்டது" என்று பூவண்ணன் கெஞ்சியபோது, சதுரங்க மும்முரத்தில் மோதிரத்தைக் கழற்றிப் போட்டது அவரேதான்.

விசாரிப்பவர்களை நீக்க முடியாது. பரிசு கொடுக்கலாமே! சபை கூடிய காலையில், ஏரியின் கீழ் ஆளுக்கொரு வயல் என்று மூன்று பட்டயங்களை நீட்டினார். "வெயிலில் அலைந்து கறுத்துவிட்டீர்கள், பாவம்!"

வேம்பன் கையைக் கட்டிக்கொண்டார். "வேண்டாம் சாமி."

"அரசப் பரிசை மறுப்பதா? பூட்டுங்கள் விலங்கை! இது விசாரணைக்காக இல்லை, மரியாதைக் குறைவுக்காக."

இடும்பன் பட்டயத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நீர்கட்டி இருக்கையில் உட்கார்ந்தபடியே தீர்ப்பை வாசித்தார். "தவறு மன்னருடையது."

"நிலக்காரர் சொல்லும் தீர்ப்பு செல்லாது!" என்று மன்னர் துள்ளினார்.

செல்லாயியும் பட்டயத்தை வாங்கினார். இருக்கையை விட்டு எழுந்து, நிலக்காரர் வரிசையில் போய் நின்றார். "நான் இப்போது இந்த ஏரியின் நிலக்காரி. மோதிரம் கொடுத்தவர் மேல் வழக்குச் சொல்கிறேன். மடைக்காவலரைக் கூப்பிடுங்கள்."



சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது சரி?

விடை: வேம்பனின் கை சுத்தம்தான், ஆனால் உண்மையும் அவரோடு சிறைக்குப் போய்விட்டது. இடும்பன் துணிச்சல்காரர், ஆனால் நிலத்தை வைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொன்னால், நாளைக்குப் பூவண்ணனும் சொல்வான். செல்லாயி செய்ததே சரி. நீர்கட்டிக்குரிய முறையையும் மீறவில்லை, உண்மையையும் விடவில்லை. பட்டயம் செல்லும் என்றால் அவர் வழக்கைச் சபை கேட்டாக வேண்டும். செல்லாது என்றால் இடும்பனுக்கு நிலம் இல்லை, அவர் தீர்ப்பு நிற்கும். எந்தப் பக்கம் போவது என்று மன்னர் யோசித்துப் பார்த்தார். பிறகு முடியைக் கழற்றினார். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சற்று நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.