நடக்குமுன் அச்சான செய்தி

அடுத்தவர் விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல யாருக்குத்தான் ஆசை இல்லை? அந்த ஆசை உள்ளவர்கள் இதைக் கேளுங்கள். இது கோவில்பட்டி வழக்கு. கடைசியில் உங்களிடம்தான் வந்து நிற்கப்போகிறது.

அங்கே ஒளிக்கரம் சேவைச் சங்கம் என்று ஒன்று உண்டு. மாதாமாதம் எட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி மடல் போடுவார்கள். அதற்கு ஆசிரியை, மருந்துக்கடை நடத்தும் செண்பகவல்லி. பதினோரு வருடமாக அவர் மடலில் ஓர் எழுத்துப்பிழை கண்டவர் இல்லை. ஒரு மாதம்கூடத் தாமதமானதும் இல்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும். பெருமைப்பட வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றது?

தாமதமாகாததற்கு ஒரு சூட்சுமம் இருந்தது. சிவகாசியில் அச்சாகி வர நான்கு நாள் பிடிக்கும். ஆகவே மாதக் கடைசியில் நடக்கப்போகும் நிகழ்ச்சிகளை நடந்துவிட்டதாகவே முன்கூட்டி எழுதி அனுப்பிவிடுவார். "விழா இனிதே நடைபெற்றது" என்று அவர் எழுதினால் அது இனிதே நடைபெறும். பதினோரு வருடமாக அப்படித்தான் நடைபெற்றது.

சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆண்டின் சிறந்த தொண்டருக்கான கேடயத்தை மடலில் வந்த செய்திகளை மட்டும் வைத்தே முடிவு செய்வார்கள். ஒரே வேப்பங்கன்றை நான்தான் நட்டேன், நான்தான் நட்டேன் என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்ற வருடத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. மடலில் இருப்பதுதான் சாட்சி, மறுபேச்சு கிடையாது.

இந்த ஆண்டின் பெரிய வேலை கண் சிகிச்சை முகாம். இரும்புக்கடை கோமதிநாயகம் இரண்டு மாதம் ஊர் ஊராக அலைந்து அதற்கு ஏற்பாடு செய்தார். முகாம் ஞாயிற்றுக்கிழமை. செண்பகவல்லி வழக்கம்போல வியாழக்கிழமையே எழுதி அனுப்பிவிட்டார்: "திரு. கோமதிநாயகம் காலை ஏழு மணி முதல் மாலை வரை ஓரிடத்தில் உட்காராமல் நின்று முகாமை நடத்தினார்."

ஞாயிறு விடியும்போது கோமதிநாயகத்தின் மகளுக்குத் திருநெல்வேலியில் பிரசவ வலி. அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பியவர், போகிற வழியில் ஜெபராணி வீட்டில் மூன்று தாள் குறிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜெபராணி கூட்டுறவு வங்கி ஊழியர். சங்கத்தில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வந்திருந்த நூற்றெண்பது பேரையும் அவர்தான் சமாளித்தார். அறுவைச் சிகிச்சை என்றதும் பயந்து எழுந்து போகப் பார்த்தவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். செண்பகவல்லி அத்தனையையும் கூடவே நின்று பார்த்தார். அதற்குள் மடல் அச்சேறிவிட்டது.

அடுத்த மாதம் திருத்தம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஆனால் அதற்கு முன்பே தேர்வுக் குழு கூடியது, மடலைப் புரட்டியது, கேடயம் கோமதிநாயகத்துக்கு என்று முடிவெடுத்தது. குழுவில் இருந்த செண்பகவல்லி வாயைத் திறக்கவில்லை. மாவட்டத்திலேயே நம்பகமான செய்தி மடல் என்ற பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. எத்தனையோ வருடமாக ஏங்கிய பரிசு. அதுவும் அதே விழாவில், அதே மேடையில்.

விழாவன்று சங்கத்தின் மாவட்டத் தலைவர் மடலை எடுத்து உரக்க வாசித்தார். "ஓரிடத்தில் உட்காராமல் நின்று" என்ற இடத்தில் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பேரனைப் பார்த்துவிட்டு நேரே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்த கோமதிநாயகம் அதுவரை மடலைப் பார்த்திருக்கவில்லை. கேடயத்தை வாங்கிய கையோடு விஷயம் புரிந்தது.

"உட்காராமத்தான் நின்னேன். ஆனா பிரசவ வார்டு வாசல்லல்லா நின்னேன்!" என்றார். "இது ஜெபராணிக்கு உள்ளது."

கீழே இறங்கிப் போய் ஜெபராணியின் கையில் கொடுத்தார். நல்ல கைதட்டல்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நீங்க எழுதித் தந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செஞ்சேன்" என்று ஜெபராணி அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்கும் கைதட்டல்.

மாவட்டத் தலைவர் குழம்பிப்போனார். "அப்போ மடல்ல எப்படி இப்படி வந்துச்சு?"

உள்ளூர்ச் சங்கத் தலைவர் வெயிலுகந்தான் எதையும் சமாளிக்கத் தெரிந்தவர். "அச்சகத்துல ஏதோ மாத்திப் போட்டுட்டாங்க சார். நம்ம மேடம் எழுதுனா தப்பு வராது" என்று சொல்லிவிட்டுச் செண்பகவல்லியைப் பார்த்தார். ஒரு தலையாட்டல் போதும், பரிசு கைக்கு வந்துவிடும். செண்பகவல்லி எழுந்துபோய் மைக்கை வாங்கினார்.

"அச்சகத்து மேல தப்பு இல்ல சார். முகாமுக்கு மூணு நாள் முன்னாடியே நான் எழுதுன செய்தி அது. பதினோரு வருஷமா மாசக் கடைசிச் செய்தி எல்லாம் அப்படித்தான் எழுதுறேன். அன்னிக்கு முகாமை நடத்துனது ஜெபராணி. குழு கூடுனப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

மாவட்டத் தலைவர் மேஜைமேல் இருந்த பரிசை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வழக்கு இதுதான். ஒருவர் கைக்கு வந்த கேடயத்தைக் கொடுத்துவிட்டார். ஒருவர் கொடுத்ததை வாங்க மறுத்தார். ஒருவர் காலங்கடந்து, தன் வாயாலேயே தன் பரிசைக் கெடுத்துக்கொண்டார். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

செண்பகவல்லி செய்ததுதான் சரி. கோமதிநாயகம் நல்ல மனிதர். ஆனால் தவறான செய்தியால் வந்த கேடயம் முதலிலேயே அவருடையது அல்ல, கொடுத்ததில் அவருக்கு நஷ்டமும் இல்லை. ஜெபராணியின் அடக்கம் அழகுதான். ஆனால் அதோடு விஷயம் முடிந்திருந்தால் மடலில் உள்ள பொய்யே நிலைத்திருக்கும். தப்பைச் செய்தவர் ஒப்புக்கொண்டதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். அந்த மேடையில் பழி, அங்கே இல்லாத ஓர் அச்சகத்துக்காரர் தலையில் விழ இருந்தது. அதைத் தடுக்க முடிந்தவர் ஒரே ஒருவர், அவர் தடுத்தார். புகழை வேண்டாம் என்ற இரண்டு பேருக்கும் மண்டபம் கைதட்டியது. பழியை என்னுடையது என்றவருக்கு யாரும் தட்டவில்லை. தட்டமாட்டார்கள் என்று தெரிந்தேதான் அவர் எழுந்து போனார்.