சிவப்பு எழுத்தைக் கண்டு சுருண்ட அழுங்கு

மலையடிவாரக் காடு ஒன்றில் சுருளி என்ற அழுங்கு வாழ்ந்தது. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்ததுபோலச் செதில், முழ நீளத்துக்கு நாக்கு. அந்தக் காட்டிலேயே கம்ப்யூட்டர் தெரிந்த பிராணி அது ஒன்றுதான். கரையான் தின்னும் பிராணிக்குக் கம்ப்யூட்டர் எப்படித் தெரியும் என்று இப்போதே கேட்பவர்கள், இன்னும் சற்று நேரத்தில் மான் பேசப்போவதை எப்படி நம்புவார்கள்? பேசாமல் கேளுங்கள்.

காட்டு நடுவே வனக்காவலரின் குடிசை. கூரைமேல் சூரியத் தகடு, உள்ளே ஒரு கம்ப்யூட்டர். அதிலிருந்து போகும் ஒயர் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரிலும் ஒவ்வொரு பைப்பையும் திறந்து மூடும் அடைப்பானிலும் முடியும். மோட்டாரிலிருந்து நாலு தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பைப் போகும். இலுப்பை மரத்தடியில் ஒரு தொட்டி, மூங்கில் புதரோரம் ஒன்று, பாறைக்குக் கீழே ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று. இந்தத் தொட்டி இன்ன கூட்டத்துக்கு என்று ஒரு வழக்கமும் உண்டு. ஒருவர் தொட்டியில் மற்றவர் வாய் வைப்பதில்லை.

காவலர் இருந்தவரை அவரே குழாய் திறந்துவிட்டார். கோடையில் அவருக்கு மாற்றல் வந்தது. புதியவர் வந்து சேர நாளாகும். இனி நீதான் தண்ணீர் விட வேண்டும் என்று மிருகங்கள் எல்லாம் சுருளியைச் சூழ்ந்துகொண்டன.

சுருளியின் வளை குடிசைத் தரைக்கு அடியில்தான் இருந்தது. மாலை வேளைகளில் அந்தக் காவலர் பைத்தான் படிப்பார். மனிதர் சத்தம் போட்டுப் படிக்கிற ரகம். கீழே படுத்திருந்த சுருளிக்கும் பாதி வந்துவிட்டது.

பைத்தான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற மொழி. என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால் அப்படியே செய்யும். அப்படியே என்றால் அப்படியே. ‘பாவம், இவன் மனதில் வேறு ஏதோ நினைத்திருப்பான்’ என்றெல்லாம் பெருந்தன்மை காட்டாது. வரி தொடங்கும் இடத்தில் இடைவெளி குறைந்தால் முறைக்கும். முக்காற்புள்ளி விட்டுப்போனால் நின்றுவிடும். நின்றுவிட்டு, ஏன் நின்றேன் என்று சிவப்பு எழுத்தில் சொல்லும்.

அங்கேதான் சுருளிக்குச் சிக்கல். அழுங்குச் சாதிக்குச் சிவப்பு என்றால் காட்டுத்தீ. திரையில் சிவப்பைக் கண்டதும் மூளை யோசிப்பதற்கு முன்னால் உடம்பு சுருண்டு பந்தாகிவிடும். பயம் தெளிந்து அது மெல்ல விரியும்போது திரை அணைந்து இருண்டிருக்கும். சிவப்பு எழுத்து என்ன சொன்னது என்று சுருளி ஒரு முறைகூடப் படித்ததில்லை. எழுதியதை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கும். நகத்தால் தட்டினால் ஒரே தட்டில் மூன்று எழுத்து விழுந்ததால், நாக்கால் அடிக்கும். நாக்கு வீங்கிப்போய் அது கரையான் தின்ன முடியாமல் கிடந்த நாட்களும் உண்டு.

இப்படி அழித்து அழித்து எழுதிய புரோகிராம் கடைசியில் ஒரு விடியலில் ஓடியது. மோட்டார் உறுமியது. மூங்கில் தொட்டி நிறைந்தது, பாறைத் தொட்டி நிறைந்தது, ஓடைத் தொட்டியும் நிறைந்தது. அதற்கப்புறம் திரையில் சிவப்பு எழுத்து. சுருளி பந்தாகிவிட்டது.

ஜன்னலில் உட்கார்ந்திருந்த சடையன் என்ற கருமந்தி இதைப் பார்த்துச் சிரித்தது. யாரோ எழுதியதை எங்கிருந்தோ எடுத்து வந்து ஒட்டவைப்பதில் சடையன் கெட்டிக்காரன்.

“மச்சான், தண்ணிதான் வந்துடுச்சே. அப்புறம் எதுக்கு உருண்டைக்குழம்பு மாதிரி கிடக்கிறே?”

“அது திட்டுது சடையா” என்று பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

“வேலையும் செய்யுது, திட்டவும் செய்யுதா? எங்க சித்தப்பன் மாதிரி. வாயை அடைச்சிடு.”

“கம்ப்யூட்டருக்கு வாயை எப்படி அடைக்கிறது?”

“அதுக்குன்னே ட்ரைன்னு ஒரு சொல், எக்செப்ட்னு ஒரு சொல் இருக்குதே. முயற்சி பண்ணு, முடியலைன்னா கண்டுக்காம மேலே போன்னு எழுதிடு. செத்தாலும் வாயைத் திறக்காது. கடைசியில பச்சை எழுத்துல ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லு. பார்க்கிறவன் சந்தோஷப்படுவான்.”

சுருளி அப்படியே செய்தது. மறுநாளிலிருந்து சிவப்பு எழுத்து வரவே இல்லை. மோட்டார் ஓடி முடிந்ததும், “எல்லாத் தொட்டியும் நிறைந்தது” என்று பச்சை எழுத்து வந்தது. சுருளி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. இனிச் சுருள வேண்டியதில்லை. காட்டெருமைகளும் கேழையாடுகளும் எதிரில் வந்தால் அதற்கு வழிவிட்டு நின்றன. அந்த மரியாதை அதற்குப் பிடித்தும் இருந்தது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் சாயங்காலம் கரையான் தேடிக்கொண்டு சுருளி இலுப்பை மரத்துப் பக்கம் போனது. தொட்டிக்குள்ளிருந்து கரக் கரக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தது. பொட்டு என்ற மான்குட்டி தொட்டிக்குள் இறங்கி, காய்ந்த பாசியை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு வெளுத்திருந்தது. மரத்தடியில் அதன் தாய் வல்லி படுத்திருந்தது. கம்பிவேலியில் கிழிபட்ட அதன் முன்னங்கால் வீங்கிக் கிடந்தது.

சுருளி வல்லியிடம் ஓடியது. “வல்லியக்கா, தொட்டி ஏன் காய்ஞ்சு கிடக்கு?”

“தண்ணி விட்டாத்தானே தம்பி ஈரமா இருக்கும்.”

“தினமும் விடுறேனே.”

“மத்த தொட்டிக்கு விடுறே. இங்கே நீ விட்டதே இல்லை. காவலர் விட்டுட்டுப் போன மிச்சத்துல இத்தனை நாள் ஓட்டினோம். அதுவும் முந்தாநாள் தீர்ந்துபோச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சடையன்கிட்டச் சொன்னேன். எல்லாத் தொட்டியும் நிறைஞ்சதுன்னு பச்சை எழுத்துல வருதே, உனக்கென்ன காய்ச்சலான்னு கேட்டான்.” வல்லி தலையைத் தாழ்த்திக்கொண்டது. “இந்தக் காலோட மேடேறி மூங்கில் தொட்டிக்கு என்னால வர முடியாது. எனக்கு மடியும் வத்திட்டுது. பிள்ளையை மட்டுமாவது அங்கே கூட்டிக்கிட்டுப் போயிடு தம்பி.”

“அது வேற கூட்டத்துத் தொட்டி, பிள்ளையை வாய் வைக்க விடமாட்டாங்க. உங்களுக்கு இங்கேயே தண்ணி வரும்க்கா” என்றது சுருளி. எப்படி வரும் என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

அது குடிசைக்கு ஓடியது. பொட்டு தள்ளாடிக்கொண்டே பின்னால் வந்தது.

“பைப் அடைச்சிருக்கும்” என்றது சடையன். சுருளி பைப் போன வழியெல்லாம் தோண்டியது. அழுங்கு தோண்ட ஆரம்பித்தால் பூமி மறுபக்கம் தெரியும் என்பார்கள். அந்த மண்மேட்டைப் பார்த்து, புதுசாக ஒரு மலை முளைத்திருக்கிறது என்று இரண்டு மயில்கள் அதன் உச்சிக்கே குடிபோய்விட்டன. பைப்பில் ஒரு சருகுகூட அடைத்திருக்கவில்லை.

“நிறுத்திட்டு மறுபடி போட்டுப் பாரு, எல்லாம் சரியாகிடும்” என்றது வழியே போன காட்டெருமை. நிறுத்திவிட்டுப் போட்டது. மோட்டார் ஓடியது. மூங்கில், பாறை, ஓடை மூன்று தொட்டியும் நிறைந்து வழிந்தன. “எல்லாத் தொட்டியும் நிறைந்தது” என்றது திரை. இலுப்பைத் தொட்டியில் சொட்டு இல்லை.

சுருளி அந்தப் பச்சை எழுத்தையே வெறித்துப் பார்த்தது.

“சடையா, முதல் நாள் இது என்னவோ சொல்ல வந்தது.”

“திட்ட வந்தது.”

“திட்டத்தான் வந்ததான்னு நமக்கெப்படித் தெரியும்? ஒருத்தரும் படிக்கலையே. இந்த ட்ரை, எக்செப்ட் வரியை எடுத்துடப் போறேன்.”

“எடுத்தா மறுபடி சிவப்பு வரும். நீ மறுபடி உருண்டையாயிடுவே. சும்மா இருக்கிறதை ஏன் கிளறுறே?”

“பொட்டோட நாக்கைப் பார்த்தியா நீ?”

சடையன் பார்த்தது. ஜன்னலிலிருந்து இறங்கிச் சுருளிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

சுருளி அந்த வரிகளை அழித்தது. அவசரத்தில் வேறு இரண்டு எழுத்தும் சேர்ந்து அழிந்து, அவற்றைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. நடந்த களைப்பில் பொட்டு சுருளியின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடியிருந்தது. செதில் இல்லாத மெத்தென்ற இடம் அழுங்குக்கு அது ஒன்றுதான். குட்டியின் மூச்சு அங்கே சூடாகப் பட்டது.

சுருளி புரோகிராமை ஓடவிட்டது. மோட்டார் உறுமி அடங்கியது. திரை முழுக்கச் சிவப்பு.

சுருளியின் முதுகு தானாக வளைந்தது. செதில்கள் சிலிர்த்தன. இன்னும் ஒரு சாண் வளைந்தால் பந்து. அந்தப் பந்துக்குள் பொட்டு இருக்கும். கத்தி போன்ற அந்தச் செதில் விளிம்புகள் குட்டியின் மெல்லிய தோலைக் கிழித்துவிடும்.

சுருளி பல்லைக் கடிக்கலாம் என்று பார்த்தது. அழுங்குக்குப் பல் கிடையாது. வாலை மேசைக்காலில் இறுகச் சுற்றிக்கொண்டது. முதுகு வலித்தது. வளையாமல் நின்றது. நின்று, கண்ணைத் திறந்து, பிறந்ததிலிருந்து முதல் முறையாகச் சிவப்பு எழுத்தைப் படித்தது.

மேலே ஏதேதோ நீளமாக இருந்தது. கடைசி வரி மட்டும் தெளிவாக இருந்தது.

“என்ன திட்டுது?” என்று சடையன் கிசுகிசுத்தது.

“திட்டவே இல்லை சடையா. நாலுன்னு எண் போட்ட தொட்டியைக் கேட்கிறாய், அப்படி ஒன்று என் பட்டியலில் இல்லைன்னு சொல்லுது. எந்த வரியில கேட்டேன்னும் காட்டுது.”

“நாலு தொட்டி இருக்குதே. கணக்குத் தெரியாத மிஷின்.”

“இரு, அதையே கேட்போம்.” சுருளி ஒரு வரி அடித்தது. ஒன்று என்று எண் போட்ட தொட்டி எது? ‘மூங்கில்’ என்று வந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மூன்று எது? ‘ஓடை’.

“அப்போ இலுப்பை?”

சுருளி கொஞ்சம் தயங்கிவிட்டுப் பூஜ்யம் என்று அடித்தது. ‘இலுப்பை’ என்று திரை பதில் சொன்னது.

“அது பூஜ்யத்திலேருந்து எண்ணுது சடையா. நான் ஒண்ணுல ஆரம்பிச்சு நாலு வரைக்கும் போகச் சொல்லியிருக்கேன். முதல் தொட்டியைத் தாண்டிக் குதிச்சிட்டு, கடைசியில இல்லாத தொட்டியைத் தேடியிருக்கு. இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்கு.”

“நாமதான் வாயை அடைச்சோம்” என்றது சடையன். சொல்லிவிட்டு, தன் வாலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேன் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. “நான் வல்லியக்கா வாயையும் சேர்த்து அடைச்சிட்டேன் மச்சான்.”

சுருளி ஒன்று என்று இருந்த இடத்தில் பூஜ்யத்தையும், எல்லை போட்ட இடத்தில் ஒன்று குறைத்த எண்ணையும் அடித்தது. வாயடைக்கும் வரிகளைத் திரும்பப் போடவில்லை. புரோகிராம் ஓடியது. சிவப்பு வரவில்லை.

சடையன் பொட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவியது. சுருளி தரையில் உருண்டும் ஓடியும் வந்து சேர்ந்தபோது, இலுப்பைத் தொட்டியின் குழாய் இருமிக் கொஞ்சம் காற்றைத் துப்பியது. பிறகு பழுப்பாகக் கொஞ்சம், அப்புறம் தெளிவாகத் தண்ணீர் கொட்டியது. பொட்டு முகத்தை அப்படியே முக்கியது. மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மியது. மறுபடி முக்கியது. வல்லி மூன்று காலில் எழுந்து வந்தது. குட்டி குடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அப்புறம்தான் தானும் வாய் வைத்தது.

சுருளி பக்கத்தில் போய் நின்றது. “தண்ணி எப்படிக்கா இருக்கு?”

வல்லி தலை நிமிர்ந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது அதன் காதிலேயே தெரிந்தது.

“சொல்லுங்கக்கா, எதுவா இருந்தாலும்.”

“கொஞ்சம் துரு வாடை அடிக்குது தம்பி.”

“அப்படியா? காலையிலேயே பைப்பைப் பார்த்துடுறேன். வேற?”

“குழாய் வாய் கொஞ்சம் உசரம். பிள்ளைக்கு எட்டலை.”

“சரி. வேற?”

வல்லி சிரித்தது. சடையன் தானும் கேட்க வேண்டும் என்று கிளையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டது. வல்லி மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. சுருளி சுருளாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

குறை சொல்கிற வாயை அடைப்பதால் குறை தீர்ந்துவிடாது. பயத்தை அடக்கிக்கொண்டு கடைசி வரி வரை கேட்பவனால்தான் அதைத் தீர்க்க முடியும்.